வெள்ளிக்கிழமை பறந்த குஞ்சுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் விட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உன் புத்தகத்தைப் பற்றி வாசகர்கள் கூடிப் பேசினார்கள். யாரும் கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உன் அப்பா என்று மூச்சுவிடவில்லை. "வாய்க்குப் பூட்டு போட்டுட்டுப் போங்க" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

ஒரு நர்சம்மா, உன்னைப் படித்ததிலிருந்து பஸ் நிறுத்தத்தில் போனை விட்டு மரத்தைப் பார்க்கிறாராம். அதில் இரண்டு பஸ் போய்விட்டதாம். வங்கிக்காரர் ஒருவர், புல்லுக்கே இருபது பக்கமா, நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் தூங்கியது முப்பத்திரண்டில் என்பதால் பேசாமல் இருந்தேன்.

பிறகு ஓர் உயிரியல் வாத்தியார் எழுந்தார். அவர் புத்தகம் முழுக்கப் பென்சில் குறிப்பு. நல்ல எழுத்து என்றுதான் ஆரம்பித்தார். நம் கடை வாசலுக்கு மேலே ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டியதை எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வந்ததும் குரல் மாறிவிட்டது.

"திங்கட்கிழமை கண்ணே தொறக்காத குஞ்சு வெள்ளிக்கிழமை எப்படிங்க பறக்கும்? ரெண்டு வாரமாவது ஆகும். இதுவே பொய்னா மத்ததை எப்படி நம்புறது?"

நர்சம்மாகூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அவ பொய் எழுதலைங்க. பொய் சொன்னது நான். அந்த மோட்டார் கடைக்காரன் நான்தான்."

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கூடு கட்டியதிலிருந்தே ஷட்டரைத் தொடாமல் கிரில் கதவை மட்டும் பூட்டி வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மதியம், சரிசெய்த மோட்டாரைக் கொடுத்துவரக் கிளம்பினவன், கை பழக்கத்தில் ஷட்டரை இழுத்துவிட்டேன். மூன்று குஞ்சும் போயின. நீ பள்ளிவிட்டு வருவதற்குள் துடைத்துவிட்டு, பறந்துவிட்டன என்றேன். நீ வாசலில் நின்று வானத்துக்குக் கையாட்டினாய். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. நீ அதை நோட்டில் குறித்ததும், அந்த நோட்டு புத்தகமாகும் என்பதும் எனக்கு எங்கே தெரியும்? மோட்டாரில் இணைப்பு தப்பினால் உடனே புகை வரும். இது இருபது வருஷம் கழித்து வந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து வாத்தியார் என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கூட்டில் என்னென்ன இருந்தது என்று கேட்டார். புல், பஞ்சு, நான் வெட்டிப்போட்ட செம்புக் கம்பித் துண்டுகள் என்றேன். கண் விரிய அதையும் பென்சிலில் குறித்துக்கொண்டார். குருவிக்குக் கம்பி எதற்கு? உனக்குத் தெரியுமா?

அடுத்த பதிப்பில் நடந்ததையே எழுது. ஷட்டரை இழுத்தது அப்பா என்றே எழுது. அந்தப் பக்கத்தில் நான் ரொம்ப நல்லவனாக இருக்கிறேன். அதைப் படித்த நாளிலிருந்து உன் போன் வந்தால் அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன், கவனித்திருப்பாய்.

இந்த ஞாயிறு நானே எடுக்கிறேன். திட்டுவதானாலும் கூப்பிடு, கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா