இரண்டாம் சாட்சி

திண்டிவனம்
14.11.2025

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் ஜெனீவா குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு நிதானமாகப் படி கண்ணு. போனில் சொல்லக்கூடாத சேதி, அதோடு என் கையால் எழுதிய காகிதம் ஒன்று உன்னிடம் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விடாததால் உனக்கென்று எடுத்துவைத்த மல்லாட்டைக் கடலை பாதி பூசணம் பிடித்துவிட்டது, நீ அங்கே பட்டினி கிடப்பதுபோல அவள் அதையே சொல்லிச் சொல்லிப் புலம்புகிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது பெருமுக்கல் மாரியப்பன் வீட்டுக்கு என் வண்டியில்தானே போனோம். குவாரி வேலைக்கு இனி வரமாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்கு ஸ்டேஷனில் வைத்து அவன் கையை உடைத்ததை அவன் சொல்லச் சொல்ல நீ புகாராக எழுதினாய். பெயரை வெளியே சொல்லலாமா என்று நீ கேட்டதும் அவன் மனைவி அம்சா வேண்டாம் என்று தலையாட்டினாள். நான்தான் நடுவில் புகுந்து, “உலகமே கேக்கப்போவுது, பயப்படாம கையெழுத்துப் போடுப்பா” என்றேன். அவன் இடது கையால் போட்டான். இதற்கு அறுபது நாளில் பதில் சொல் என்று நீ வேலை பார்க்கும் ஐ.நா. ஆபீசிலிருந்து டில்லிக்குக் கடிதம் போயிருக்கிறது என்று நீ சொன்ன அன்று டீக்கடையில் ஒருவரையும் விடாமல் பிடித்துவைத்துப் பெருமை பேசினேன். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் அமீனாவாகச் சம்மன் கொடுத்தவனுக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். உத்தரவு எத்தனை பெரிய இடத்தில் போட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். ஜெனீவாவுக்கு ஏது அமீனா? டில்லி சென்னைக்கு அனுப்பி, சென்னை விழுப்புரத்துக்கு அனுப்பி, அங்கிருந்து விசாரித்து அறிக்கை கொடு என்று இன்னும் கீழே இறங்கி, தீபாவளி கழிந்த வியாழக்கிழமை அது நம் வீட்டுக்கே வந்தது. கையில் வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, நீ புகாரில் பெயர் எழுதியிருந்த அதே இன்ஸ்பெக்டர்.

அதட்டுவார் என்று நினைத்தேன், அதட்டியிருந்தால்கூடத் தேவலை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார். மாரியப்பன் தானாகவே வெளியூர் வேலைக்குப் போய்விட்டான், அவனுக்குக் குறை ஒன்றும் கிடையாது என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார். “நீங்க கோர்ட்டு ஆளு சார், உங்களுக்குத் தெரியாததா. ஒரு சாட்சி கையெழுத்துதான்” என்றார். பார்க்காததற்குச் சாட்சி போட மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே மடித்து வைத்துக்கொண்டார். போகிறபோது பொண்ணு எப்போது வருகிறது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். உன் அம்மாவுக்குத்தான் உன்னைப் பற்றிக் கேட்டால் வாய் நிற்காதே, டிசம்பர் இருபதாம் தேதி என்று விமானம் இறங்கும் நேரம் வரை சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நினைத்து நினைத்து அழுகிறாள், நீ அவளை ஒரு வார்த்தை கேட்காதே.

மனசு கேட்காமல் போன வாரம் பெருமுக்கல் போனேன். மாரியப்பன் வீடு பூட்டிக் கிடந்தது. வெளியூர் போகிறவர்கள் கொடியில் துணியை விட்டுவிட்டா போவார்கள்? அம்சாவின் சேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையும் மழையில் நனைந்து தொங்கின. பக்கத்து வீட்டு அம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். “ஜீப்பு வந்துச்சுங்க. எழுதிக்கினு உட்ருவோம்னு மூணு பேரையும் ஏத்திக்கினு போனாங்க. என்னை ஒண்ணும் கேக்காதீங்க” என்று சாத்திக்கொண்டாள். என்றைக்கு என்று நான் கேட்டபோது உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவன் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாரியப்பன் தன் புகார் பற்றி விசாரணைக்கு வர வேண்டும், ஆள் இல்லாததால் கதவில் ஒட்டப்பட்டது, கீழே இரண்டு சாட்சிகள். முதல் பெயர் யாரென்று தெரியவில்லை. இரண்டாவது, கோதண்டபாணி, ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர், கையெழுத்தோடு. என் எழுத்து மாதிரி எழுதக்கூட அவர்கள் சிரமப்படவில்லை, யார் வந்து ஒத்துப்பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதைச் செய்திருக்கிறேன். சவுரியம்மாள் என்று ஒரு விதவை, ஊர்க்கோடியில் வீடு, அன்று நல்ல வெயில், போகச் சோம்பல்பட்டு டீக்கடையிலேயே உட்கார்ந்து ஆள் இல்லை, ஒட்டினேன் என்று எழுதி அங்கிருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கேஸ் நடந்ததே தெரியாமல் அவள் வீடு போயிற்று. பாத்திரங்களை வெளியே எடுத்துவைக்கப் போனவனும் நான்தான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மூன்று பேரையும் காணோம், நோட்டீஸில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று மனு கொடுத்தேன். மறுநாளே போனுக்குத் தகவல் வந்தது, மனு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று. அனுப்பியது அதே இன்ஸ்பெக்டருக்கு. அன்றிலிருந்து எதிர் வேப்பமரத்தடியில் பைக்கோடு ஒருவன் நிற்கிறான், மழை பெய்தாலும் போவதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் என்ன வீராப்பு.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். டிசம்பரில் வராதே, டிக்கெட்டை ரத்து செய்துவிடு. உன்னைப் பார்க்க எனக்கும் ஆசைதான், இருந்தாலும் வராதே. அறுபது நாள் முடிவதற்குள் இங்கிருந்து பதில் வரும். மாரியப்பன் தானாகப் போனான், சாட்சி கோதண்டபாணி என்று மரியாதையாக எழுதியிருக்கும். அதை உன் ஆட்கள் நம்பி ஃபைலை மூடிவிடக்கூடாது. கதவு நோட்டீஸின் போட்டோவைப் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். புதுச்சேரிக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன், உறையைக் கிழித்து எறிந்துவிடாதே, முத்திரையில் தேதி இருக்கும். மாரியப்பன், அம்சா, பிள்ளை மூன்று பேரும் எங்கே என்று கேள், அவர்கள் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு. கையெழுத்துப் போடச் சொன்னவன் நான்.

வேளைக்குச் சாப்பிடு. நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். இதற்குப் பிறகு என் பெயரில் எந்தக் காகிதம் வந்தாலும், இந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாக வந்தாலும், கீழே இருப்பதோடு ஒத்துப்பார். அது ஒத்துப்போனாலும், போட்ட இடம் எது என்று கேள்.

இப்படிக்கு, நம் வீட்டில், நம் மேஜையில், பகல் பதினோரு மணிக்கு, யாரும் சொல்லாமல் கையெழுத்திடும்
உன் அப்பா
கோதண்டபாணி