ஆஸ்பத்திரிப் பக்கம் குடையைச் சாய்த்தவளுக்கு

அம்மா,

பார்லி வெந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் அப்பா தேயிலைக் காட்டிலிருந்து வருவதற்குள் ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்க வைத்தேன். வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். பனிதான் உள்ளே வந்தது. தங்கச்சி பையைக் கீழே போட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். மூக்கை உறிஞ்சி, "அம்மா வாசம் அடிக்குது," என்றாள்.

உடம்பு சூடு, அதனால் குடிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். நீ எங்களிடம் சொன்னதும் அதுதான்.

இப்போது அவள் என் பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தத் தோட்டத்து லயன் வீட்டில் பலகைச் சுவர் ஒன்றுதான் நடுவில். அப்பா புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்கிறது. நான் அழுதால் அவருக்குக் கேட்கும். எழுதினால் கேட்காது.

காலையில் எழுந்தால் என் இமை இரண்டும் வீங்கியிருக்கிறது அம்மா. ராத்திரி அழுதாயா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். பிற்பகலில் முகம் வடிந்துவிடுகிறது. அப்புறம் கால் கனக்கிறது. காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியது போல் தடம். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. மெதுவாகத்தான் மேலே வருகிறது. உன் காலில் நானும் தங்கச்சியும் மாறி மாறி அழுத்தி, யாருடைய குழி முதலில் மூடுகிறது என்று பந்தயம் கட்டினோமே, அதே குழி. நீயும் சிரித்துக்கொண்டே காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீ திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தவள். இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் உன் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது. அப்பா உன்னைச் சீண்டுவார். "இந்த ஊர்க்காரங்க மாதிரி லா போட்டுப் பேசுடி, இல்லாட்டி டவுன்ல எல்லாரும் பாஸ்போர்ட் கேப்பாங்க," என்பார். நீ அதை நம்பிவிட்டாய். சந்தையில் கீரைக்காரச் சீனப் பாட்டியிடம்கூட, தமிழ் தெரியாதவளிடம், "போதும்லா, வேணாம்லா" என்று சொல்லிப் பழகினாய். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்கு அது விளையாட்டு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

தங்கச்சி பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். உன்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. அதனால் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரர் கட்டணம் போட்டார்கள். முன்பணத்தை அப்பா அங்கே இங்கே வாங்கிக் கட்டினார். மீதிக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாள் மாதா மாதம் கட்டிவந்தார். பிறகு மழைக்காலம் வந்தது, கொழுந்து குறைந்தது, சம்பளமும் குறைந்தது. ஒரு மாதம் விட்டுப்போனது. விட்டுப்போன பிறகு அந்தக் கவுண்டருக்குப் போய் நிற்க அவருக்கு முகமில்லை.

அதற்கப்புறம்தான் நீ தானா ராத்தா டவுனில் நடக்கும் விதமே மாறியது. பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனாலும் சரி, தீபாவளித் துணிக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் வந்ததும் என்னை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போவாய். மழை இருக்காது, வெயிலும் இருக்காது. குடையை விரித்து ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பாய்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கண்ணு இருக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு இல்லடி. கவுண்டர்ல உக்காந்திருக்காளே, அவளுக்கு இருக்கு," என்றாய்.

நீ அப்படி நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் தோட்டத்தில் எல்லாம் அப்படித்தானே. கடையில் நம் வீட்டுக்கு ஒரே கணக்கு. அப்பா சிகரெட் வாங்கினாலும் நான் பென்சில் வாங்கினாலும் வீட்டு நம்பரைச் சொன்னால் போதும், எல்லாம் ஒரே இடத்தில் ஏறும். பாக்கி அதிகமானால் தங்கச்சி மிட்டாய்க்குப் போனாலும் கடைக்காரர், "அப்பாவ வரச் சொல்லு," என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்புவார். ஆஸ்பத்திரியும் ஒரு பெரிய கடை என்று நாம் நினைத்துவிட்டோம். ஒருவர் பாக்கி வைத்தால் வீட்டில் யாருக்கும் மருந்து கிடையாது என்று நினைத்துவிட்டோம். இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை அம்மா. யாரையும் நாம் கேட்கவும் இல்லை.

முதலில் உன் முகம் வீங்கியது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். கால் வீங்கியது. மலை ஏறி இறங்கினால் வீங்காதா என்றாய். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். அப்பா ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தாலே, "பழைய பாக்கிய மொதல்ல அடைங்க, அப்புறம் பாக்கலாம்," என்றாய். அவர் அப்படியே அடங்கிப்போவார். பார்லியைக் கொதிக்க வைத்துக் குடித்தாய். அடைத்துவிட்டுப் போகலாம், அடைத்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள்.

நீ அடுப்படியில் விழுந்த அன்று பக்கத்து வீட்டு வேனில்தான் கொண்டுபோனோம். அப்பா வழியெல்லாம் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதில் அவரால் திரட்ட முடிந்த காசு இருந்தது. வாசலில் உன்னைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே ஓடினார்கள். யாரும் காசு கேட்கவில்லை அம்மா. யாரும் பழைய பாக்கியைக் கேட்கவில்லை. அப்பா பையிலிருந்து கையை எடுக்காமலே நின்றார். டாக்டர் வெளியே வந்து, ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பா, "சாரி டாக்டர்," என்றார்.  அங்கிருந்து ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். ஈப்போவிலிருந்து நீ திரும்பி வந்தது வேறு வண்டியில்.

அதற்கும் ஒரு பில் வந்தது. அப்பா அதிலும் கையெழுத்துப் போட்டார். மோட்டார் சைக்கிளை விற்றார். இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்தே போகிறார். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்ததும், "இன்னொரு தடவ அந்த வாசல மிதிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா," என்றார். அவரிடம் போய் என் காலை எப்படிக் காட்டுவேன்?

போன வாரம் பள்ளிக்கூடக் கழிவறையில் சிறுநீர் சோப்பு நுரை போலப் போனது. பயந்துவிட்டேன். பள்ளி விட்டதும் பஸ் நிலையத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாம் எப்போதும் தாண்டிப் போகும் அந்த வாசல்தான். சீருடையோடு கவுண்டரில் நின்று, பழைய பில் ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். அங்கே இருந்தவர் என் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. சமூகப் பணி அதிகாரியைப் பார் என்று ஓர் அறையைக் காட்டினார்.

உள்ளே ஒரு தமிழ் அக்கா இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாராம். காசு கட்ட முடியாதவர்களிடம் பேசுவதற்கென்றே ஆள் இருக்கிறது அம்மா. அதுதான் அவர் வேலை.

என் தோழிக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். அவளுடைய அம்மா பில் பாக்கி வைத்திருக்கிறார், இப்போது அவளுக்கு உடம்பு சரியில்லை, வந்தால் பழையதைக் கட்டு என்று வெளியே அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன்.

"யாரு சொன்னது அப்படி?" என்றார்.

"யாரும் சொல்லல. கடையில அப்படித்தான்."

"ஆஸ்பத்திரி என்ன மளிகைக் கடையாலா?" என்று சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார். அம்மாவின் பில் அம்மாவின் பெயரில், மகள் வந்தால் மகள் பெயரில் வேறு பதிவு என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் வைத்தியம், காசுப் பேச்சு அப்புறம் என்றார். உன் தோழிக்குக் குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் வெளிநாட்டுக்காரர் கட்டணம் அவளுக்குக் கிடையாது, உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளதுதான், அது சின்னத் தொகை என்றார். அதையும் கட்ட முடியாவிட்டால் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டலாம், வீட்டு நிலைமையை விசாரித்துக் குறைக்கச் சொல்லி எழுதுவோம் என்றார்.

பழைய பில் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்கும் அப்பா வந்து பேசலாம். குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், கொஞ்சங் கொஞ்சமா கட்டுறேன்னு கேக்கலாம், உதவி நிதிக்கு எழுதிப் பாக்கலாம். எல்லாம் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வராம ஒளிஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." பேனாவை எடுத்துக்கொண்டு, "உன் ஃபிரெண்டோட அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றார்.

"இல்ல," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். "அந்த ஸாக்ஸக் கொஞ்சம் எறக்கும்மா," என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அவர் வாசல் வரை வந்தார். "அப்பாவக் கூட்டிட்டு வா. பணத்தக் கொண்டு வரச் சொல்லல, அவரக் கூட்டிட்டு வா. சீக்கிரம் வா." பஸ்ஸில் ஏறிய பிறகும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு உன்மேல் கோபம் அம்மா. சொல்லக் கூடாது, ஆனால் கோபம். நாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போன நாளெல்லாம் அந்த மாதிரி ஒருவர் உள்ளே இருந்திருப்பார். ஒரே ஒரு நாள் நீ உள்ளே போய் "என்னால கட்ட முடியல" என்று சொல்லியிருந்தால் போதாதா? திட்டியிருந்தாலும் திட்டிவிட்டுப் போகட்டும். நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொல்லியிருக்க வேண்டாம், அதுவாவது மிச்சமாகியிருக்கும். இதை எழுதிவிட்டு அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழிக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு முறை வந்து கோபித்துக்கொள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து ஒரு வாரம் ஆகப் போகிறது, இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. நேற்று சாப்பிடும்போது சொல்லலாம் என்று அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அப்பா," என்றேன். "என்னம்மா?" என்று நிமிர்ந்தார். என் வாயில் வந்தது, "ஒண்ணுமில்லப்பா." உன் குரல்தான் அது. அதே இழுப்பு. அப்பா அப்படியே கையைத் தட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அவருக்கும் பயம்.

உன் புடவைகளைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தாலியை அப்பா வைத்திருக்கிறார். எனக்கு என்று நீ விட்டுப்போனது அந்த 'ஒண்ணுமில்ல' என்ற ஒரு சொல்தான். நான் நினைக்காமலே வருகிறது. ஆசிரியை கேட்டால் வருகிறது, தங்கச்சி கேட்டால் வருகிறது. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை அம்மா. தங்கச்சிக்குத் தலை பின்னிவிட இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

விடியப் போகிறது. வெளியே யார் வீட்டிலோ அடுப்பு பற்றவைத்த புகை வருகிறது. அப்பா இருமுகிறார். இன்னும் சற்று நேரத்தில் எழுந்து, கறுப்புத் தேநீர் குடித்து, பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் நான் போய் நிற்க வேண்டும். அவர் என்னம்மா என்று கேட்பார். உன் சொல்தான் முதலில் வரும், எனக்குத் தெரியும். வரட்டும். வந்த பிறகும் நகர மாட்டேன். அவர் கிளம்பி நின்றாலும், நேரமாகிறது என்று கோபித்தாலும், அடுத்த சொல் வரும்வரைக்கும் கதவை மறித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா எழுந்துவிட்டார், அம்மா.