ஆறாம் இடத்து எழுத்து

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. உன் புத்தகம் என்று எழுதியது தப்பு. நம் புத்தகம். இரண்டு பேருக்கு ஒன்று என்று குருமடத்தில் கொடுத்தார்களே, அது.

போன செவ்வாய்க்கிழமை உன் மகள் தாராசுரத்தில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தாள். "சார், அப்பா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள். வேட்டித் துணியைப் பிரித்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. உள்ளே தொடக்க மாணவர்களுக்கான கிரேக்க இலக்கணம். அட்டை மூலையில் எலி கடித்த இடம் அப்படியே இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்று அவள் சொல்லித்தான் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. ஒளித்து என்ன ஆகப்போகிறது, கோபம்தான் வந்தது. பெண் பிள்ளை எதிரில் காட்டக் கூடாது என்று காபி போட உள்ளே போய்விட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். குருமடத்துக்குள் இருந்தவரை நீ, வா, போ. ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "வாங்க, சொல்லுங்க". உன் அப்பா மிராசுதார், என் அப்பா அவர் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர். மாதா கோயிலில்கூட உங்கள் தெருவுக்கு முன்பக்கம், எங்கள் தெருவுக்குப் பின்பக்கம். ஆண்டவர் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாமியாராகப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த மரியாதைக் கணக்கு மட்டும் மாறவில்லை. செத்தவனுக்கு எதற்கு 'ங்க'?

எண்கள் பாடம் உனக்கு நினைவிருக்கும். ஒன்று என்ற சொல்லே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டுமில்லாததற்கு ஒன்று என்று மூன்று வடிவம் எடுக்கும் என்று சாமியார் கரும்பலகையில் எழுதினார். "ஒண்ணுக்கே மூணு வேஷமாடா? நூறு வர்றதுக்குள்ள நாம கிழவனாயிடுவோம்" என்று என் காதில் முணுமுணுத்தாய். சிரிப்பை அடக்க முடியாமல் நான்தான் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. நாலு வரைக்கும்தான் இந்தப் பாடு, ஐந்திலிருந்து நூறுவரை எந்த எண்ணும் உருமாறாது என்று தெரிந்த அன்று, சோற்றுப் பந்தியில் எனக்கு உன் மீன் துண்டை எடுத்து வைத்தாய்.

உன்னைப் படுத்தி வைத்தது அடுத்த பாடம். கிரேக்கர்களுக்கு எண்ணுக்கென்று தனிக் குறி கிடையாது, எழுத்தையே எண்ணாக எழுதினார்கள். ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, காமா மூன்று, டெல்டா நாலு, எப்சிலான் ஐந்து. ஆறாம் இடத்தில் பழங்காலத்தில் ஓர் எழுத்து இருந்தது. பிறகு நெடுங்கணக்கில் இருந்து அது வழக்கொழிந்து போய்விட்டது. ஆனால் எண்ணும்போது மட்டும் அதன் இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை, ஆறு என்றால் அதுதான். அதனால் அடுத்து வரும் ஸீட்டா ஏழு, ஈட்டா எட்டு. இவ்வளவுதான் சங்கதி. நீ ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணி, எப்சிலான் ஐந்து, ஸீட்டா ஆறு என்பாய். நான் உன் மண்டையில் குட்டுவேன். "ஏழுடா, ஏழு!" "செத்துப்போன எழுத்துக்கு என்னடா இவ்வளவு வீம்பு? அத விட்டுத் தொலை" என்பாய். நாம் சேர்ந்து படித்தவரைக்கும் உனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

ஆட்சி மாறிய புதிது. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. தாசில்தார் ஊருக்கு வரும் அன்று எவன் வயலில் நிற்கிறானோ, எவன் மனு வைத்திருக்கிறானோ, அவனை அத்தனை சுலபமாக வெளியேற்ற முடியாது. அதற்குள் மிராசுதார்கள் முந்திக்கொண்டார்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, தானாகவே நிலத்தை விட்டதாக எழுதிக்கொண்டார்கள். உங்கள் காரியஸ்தர் எங்கள் தெருவில் வீடு வீடாகப் புகுந்து, பானைக்குள்கூடக் கையை விட்டு மனுத்தாள் தேடினார்.

சம்பா அறுப்பு நேரம். உன் அக்கா கல்யாணத்துக்கு நீ வந்திருந்தாய், என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் வந்திருந்தேன். தெருவில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், மனுவெல்லாம் என் கையால்தான். மதகடியிலிருந்து வரிசையாக எண்ணினால் உன் அப்பாவின் நிலம் பன்னிரண்டு தாக்கு, ஒவ்வொரு தாக்கு வயலுக்கும் ஒரு குத்தகைக்காரர். அதில் நாலு பேர்தான் துணிந்து மனுவில் கைநாட்டு வைத்தார்கள். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டாம் தாக்கு, நாலாம் தாக்கு, ஏழாம் தாக்கு, எட்டாம் தாக்கு. எட்டு என் அப்பாவுடையது. ஆறாம் தாக்கில் சவரியம்மா, புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உழுதவள். "எனக்கு இந்த வம்பே வேணாம்ப்பா, அவங்க முகத்துல முழிச்சுத்தான் நான் பொழைக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

மனுக்களைக் கும்பகோணத்து விவசாயிகள் சங்கத்து ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். ஒரு துண்டுத் தாளில் பீட்டா, டெல்டா, ஸீட்டா, ஈட்டா என்று நாலே நாலு எழுத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன். நாலு எண்ணை மனசில் வைத்துக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டால், அந்த நாலு பேரையும் தாசில்தார் முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அதற்கு உன்னை நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாய்க்கால் கரையில், கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் வெட்ட வந்தவனைப்போல நீ நின்றாய். யாருமில்லாததால் நான் டா போட்டேன். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவங்கள நீதான்டா கூட்டிக்கிட்டுப் போவணும்."

தாளை வாங்கி, நம் இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தாய். "எங்க வீட்டுலயே வெச்சிருக்கேன்டா. எங்கப்பா தேடுற கடைசி எடம் அதுதான்" என்றாய். என் தோளில் கையும் போட்டாய். எங்கள் ஊர் மண்ணில் நின்று நீ என் தோளில் கை போட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் பூரிப்பில் வீடுவரை ஓடினேன், வெட்கக்கேடு.

தாசில்தார் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, பொழுது விடியும் நேரத்தில் இரண்டு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே போலீஸ் வேன். விளைந்து நின்ற கதிரை அறுத்து ஏற்றினார்கள். இரண்டாம் தாக்கு. நாலாம் தாக்கு. அடுத்து ஆறாம் தாக்கில் இறங்கினார்கள். சவரியம்மா சேற்றில் விழுந்து ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் கைநாட்டு வெக்கலைங்கய்யா, பெத்த புள்ளைங்க மேல சத்தியமா வெக்கலை" என்று கதறினாள். பிறகு ஏழாம் தாக்கு. அத்தோடு லாரி கிளம்பிவிட்டது. எட்டில், என் அப்பாவின் வயலில், ஒரு கதிரைக்கூடத் தொடவில்லை.

நான் வரப்பில் நின்று திரும்பத் திரும்ப எண்ணினேன். இரண்டு, நாலு, ஆறு, ஏழு. ஒன்றும் புரியவில்லை. பிறகு என் கை தானாகவே உன்னைப்போல விரல் விட்டது. எப்சிலான் ஐந்து, ஸீட்டா ஆறு, ஈட்டா ஏழு. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தெரு கூடியது. யார் யார் கைநாட்டு வைத்தது என்று அங்கேதான் வெளியே வந்தது. ஏழாம் தாக்குக்காரர் என் அப்பாவிடம் கேட்டார். "நீயும்தானேய்யா கைநாட்டு வெச்ச? ஒன் வயலு மட்டும் எப்படித் தப்பிச்சுது? ஒன் மவன் ஒன் நம்பர எடுத்துட்டு அந்தப் பொம்பள நம்பரப் போட்டுக் குடுத்திருக்கான்." நான் என்ன சொல்வேன்? கிரேக்கத்தில் ஆறாவது எழுத்து இல்லாமல் போய்விட்டது, அதை ஒருத்தன் மறந்துவிட்டான் என்று சொன்னேன். சொல்லிப் பார்த்தேன். யாரோ காறித் துப்பினார்கள். பட்டியலை உன்னிடம் கொடுத்ததை வீட்டுக்குள் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். "அவங்க வூட்டுப் புள்ளகிட்டயா குடுத்த?" என்றார்.

எட்டாம் தாக்கை அப்பா அறுத்து, ஒரு நெல்மணி விடாமல் சவரியம்மா வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அவள் கதவைத் திறக்கவில்லை. "இனிமே அந்த வயல்ல எறங்குனா என் காலு எரியும்" என்று அப்பா சொல்லிவிட்டு, தாசில்தார் வந்த அன்று வயலுக்கே போகாமல், அடுத்த வாரம் எங்களைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் உப்பளத்துக்குப் போய்விட்டார். நெல் அறுத்த கை உப்பு வாரியது. பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துப் போயின.

பெட்டியை எடுத்துப் போக நான் குருமடத்துக்கு வந்தேன். நீ கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். "ஒங்கப்பாவுக்கு யாருடா படிச்சுச் சொன்னது?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? ஒங்க தெருவுலயே எவனாச்சும் சொல்லியிருப்பான்." நிமிரவேயில்லை நீ.

"ஸீட்டான்னா எத்தன?"

"ஆறு" என்றாய், சோப்புப் போட்டபடியே.

சோப்பு உன் கையிலேயே நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாய்.

"ஏழுங்க" என்றேன். "வர்றேங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நீ பின்னால் வரவில்லை. அதன் பிறகு நாம் பேசவில்லை. நீயும் அங்கி போடவில்லை, நிலத்தைப் பார்க்கப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். நான் கணக்கு வாத்தியாரானேன்.

உன் அப்பா உன்னை அடித்தாரா, கெஞ்சினாரா, அக்கா கல்யாணம் நின்றுவிடும் என்றாரா, எனக்குத் தெரியாது. எதையாவது சொல்லி உனக்குப் பரிந்து பேச எத்தனையோ வருஷம் முயன்றிருக்கிறேன். அடி தாங்க முடியாமல் சொல்லியிருந்தால்கூட விட்டுவிடுவேன். ஆனால் "ஒங்க தெருவுலயே எவனாச்சும்" என்றாயே, அதை எந்த அடி வாங்கியதால் சொன்னாய்?

நேற்றுதான் புத்தகத்தைத் திறந்தேன். எண்கள் பாடத்தில் என் தாள் அப்படியே இருக்கிறது. நாலு எழுத்துக்கும் கீழே பென்சிலில் உன் கையெழுத்து: 2, 4, 6, 7. பிறகு எப்போதோ பால்பாயிண்ட் பேனாவால் ஆறையும் ஏழையும் அடித்துவிட்டு, ஏழு, எட்டு என்று திருத்தியிருக்கிறாய். அதன் கீழே எழுதியிருக்கிறாய்: "படித்துச் சொன்னது நான். எட்டாம் தாக்கு தப்பியது என் பிழையால். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை." கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறாய்.

முதலில் மூன்று வரியையும் படித்து அழுதேன். அந்துருண்டை நெடியடிக்கும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிழவன் நான், உன் பெயரைச் சொல்லி அழுதேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.

அந்தத் தேதியில் என் அப்பா உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார். நம் ஊரிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒரு பஸ் மாறினால் போதும். நீ வந்திருக்கவே வேண்டாம், ஒரு தபால் உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். எழுதி முடித்து, புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு, சாப்பிடப் போயிருக்கிறாய்.

உப்பளத்துக்கு நம் ஊர்ப்பக்கத்து ஆள் யாராவது வந்தால், அப்பா தலைத்துண்டை இறக்கி முகத்தை மூடிக்கொண்டு பாத்தியில் குனிந்துகொள்வார். அவர்கள் போகும்வரை நிமிர மாட்டார். நீ எழுதி வைத்த பிறகும் ஒன்பது வருஷம் அப்படிக் குனிந்தார். அந்தத் துண்டை நான் வைத்திருக்கிறேன். எத்தனை துவைத்தும் அதில் உப்பு போகவில்லை. உன் தாளை அதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். சவரியம்மாவின் மூத்த மகன் இருக்கிறானாம். அவனிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். துண்டையும் கையில் எடுத்துப் போகிறேன். படித்து முடிக்கும்வரை அது யார் முகத்தையும் மூடாமல் என் தோளில் கிடக்கும்.