ரப்பி கடைசியாகச் சொன்னது

அன்புள்ள ட்ரெய்னாவுக்கு,

நான் நலம். உன் பல்வலி தேவலையா? குழந்தையின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்னச் சலசலப்பு, பயப்படாதே. ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்பதால் நம் ரப்பியின் போதனையை நானும் கெட்ஸலும்தானே மனப்பாடம் செய்து, பொழுது சாய்ந்தபின் சொல்லி எழுதவைப்போம்? போன ஓய்வுநாளில் படுக்கையில் கிடந்தபடி எங்கள் இருவரிடமும், "என் நாற்காலியில ஒரு வருஷம் யாரும் உக்காரக் கூடாதுப்பா" என்றார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

நேற்று சபையில் கெட்ஸல் எழுந்து, "ரப்பியோட மருமகன்தான் அடுத்த ரப்பின்னு அவரே எங்ககிட்ட சொன்னாரு" என்றான். நான் மறுத்தேன். இத்தனை வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், என் தோளில் கைபோட்டு, "பாவம், அழுது அழுது இவனுக்குக் காது அடைச்சுப்போச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்றுமில்லை. கம்பளிக் காலுறை இருந்தால் கொடுத்தனுப்பு. தொழுகைக்கூடத்தில் இப்போது எனக்குக் கதவோரம்தான் இடம், காற்று அடிக்கிறது. பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான். இன்று காலை கெட்ஸல், பொய்யைப் பற்றி ரப்பி சொன்ன போதனையைச் சபைக்கு ஒப்பித்தான். ஒரு சொல்கூடப் பிசகவில்லை, ட்ரெய்னா.

உன்
அவிக்தோர்