வாட்டம் சரியில்லை

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலயே தூறல். பின் ரூமுக்குப் புதுசாத் தளம் போட்டு, மேல தட்டோடும் பதிச்சு ஒரு மாசம்கூட ஆகலை. கட்டிலுக்கு நேர் மேல சொட்டுது. வாளி வச்சேன். அடுத்த மாசம் வளைகாப்பு முடிஞ்சு மக மஞ்சு வந்து படுக்கப்போற ரூம். ரெண்டு தடவை தங்கலை, இதுதான் எட்டு மாசம் வரை வந்திருக்கு. இந்த ஈரத்துல பச்சைப்பிள்ளையை எங்கன போட?

கொத்தனார் குமரேசனுக்குப் போன். எங்க வீட்டுக்காரவுக அக்கா மகன். அசலான்னா நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கலாம். இவன்ட்ட முடியாது, நல்லது பொல்லதுக்கு முகத்துல முழிக்கணும்.

"ரெண்டு மழை பெஞ்சா தானா அடைச்சிக்கிடும் அத்தை."

தானா அடைச்சிக்கிடுமாம். பின்ன கொத்தனார் எதுக்கு?

புதன்

நல்ல மழை. ஆபீஸுக்கு லீவு. குடையோட மொட்டைமாடித் தட்டட்டிக்கு ஏறிப் பாத்தேன். மழைத்தண்ணி இறங்குத குழாய் இருக்கது தெக்க, தெருப்பக்கம். தண்ணி ஓடுறது வடகிழக்கு மூலைக்கு. அங்கன கைப்பிடிச் சுவர், ஒரு ஓட்டை கிடையாது. கணுக்கால் அளவு நிக்குது. தட்டோடு இடுக்குலயும் சிமெண்ட் சரியா அடைக்கலை.

தண்ணி வடியுத வாட்டம் மொத்தமும் தலைகீழ். இதுகூடவா தெரியாது ஒரு கொத்தனாருக்கு? துடைப்பத்தால தள்ளித் தள்ளி இடுப்பு போச்சு. இவுக கீழ இருந்துகிட்டு, "விடுட்டி, வெயிலடிச்சா காஞ்சிரும்." என்னைக்கும் இல்லாத பொறுமை.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும். தேங்காய் இல்லை.

வெள்ளி

வெயில். குமரேசன் வந்தான். டீ குடுத்துட்டுக் கேட்டேன்: "வாட்டம்னா என்னன்னு தெரியுமாலே உனக்கு? நீ கரிவலம்வந்தநல்லூர்ல கட்டுன வீடெல்லாம் இப்படித்தானா?"

அவன் மாமா முகத்தைப் பாக்கான். இவுக பேப்பருக்குள்ள.

"அத்தை, நான் தெக்கதான் வாட்டம் குடுத்தேன். மாமாதான்..."

"இருலே, நானே சொல்லுதேன்"னாக இவுக. "ஏட்டி, நான்தான் மாத்தச் சொன்னேன். தெக்க தண்ணி ஓடுத வீட்டுல பொம்பளைப்பிள்ளைக்குக் கரு நிக்காதுன்னு வாஸ்து பாக்கவர் சொன்னாரு. ஈசான மூலைக்கு ஓடணுமாம்."

"சரி, அந்த மூலையில குழாய் வைக்கலாம்லா?"

"அது அடுத்த வீட்டு முற்றம்லா. எப்படிக் கேக்க?"

ஓடுத தண்ணிக்குப் போக வழி வைக்காம, மாமனும் மருமகனும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காக. நல்லாத் திட்ட வாய் வரை வந்துச்சு. ஆனா கோயிலுக்கே நான் இழுத்துட்டுப் போகணும் இந்த மனுஷனை. யார்ட்டயோ போய், மகளுக்காக நின்னு கேட்டிருக்காக. பாவமா இருந்துச்சு.

இடுக்கு அடைக்காதது மட்டும் குமரேசன் தப்பு. அதைச் சொல்லித் திட்டிட்டேன்.

சனி

வெள்ளனவே வந்து தட்டோட்டைப் பெயர்க்க ஆரம்பிச்சான். "தெக்கயே வாட்டத்தை மாத்திரட்டுமா அத்தை? நீங்க சொல்லுங்க."

இவுக படியில நின்னாக.

வாஸ்துல எனக்கு நம்பிக்கை கிடையாது. மாத்துலேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரலை.

"கொஞ்சம் இரு"ன்னுட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன், அவுக முற்றத்து ஓரமா ஒரு குழாய் இறக்கிக்கிடலாமான்னு கேக்க.