கேக் தட்டில் ஒரு வற்றிய ஏரி

இன்று பனிச்சப்பாத்துகளை வைக்க, வீட்டுக்கு அடியில் உள்ள கெல்லருக்குப் போனபோது, அலமாரியில் நமது கேக் தட்டைக் கண்டேன். மேலே உப்பு வெள்ளையாக இறுகிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன். ஓடு உடைந்தது, அடியில் மணல் இன்னும் ஈரம்.

நாம் சேர்ந்து பேச வேண்டிய வகுப்பு உரைக்கான தலைப்பை நீதான் கொண்டுவந்தாய். சூக் நகரத்தில் உன் அம்மா துப்புரவு செய்யும் கம்பனிக் கந்தோருக்கு ஒரு சனிக்கிழமை நீயும் போயிருந்தாய். அங்கே சுவரில் ஒரு பழைய படம்: கலிபோர்னியப் பாலைவனத்தில் வற்றிய ஏரி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள், நடுவில் தொப்பி போட்ட முதலாளி. ஓரத்தில் சிலர் குனிந்து நிலத்தைச் சுரண்டுகிறார்கள். படத்தின் கீழ் முதலாளியின் பெயர் மட்டும்.

"அம்மா ஒவ்வொரு கிழமையும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறா. குனிஞ்சு நிக்கிறவை ஆரெண்டு அவவுக்கும் தெரியாது," என்றாய்.

அவர்கள் சுரண்டியது போராக்ஸ். சலவைக்கும் கண்ணாடி செய்யவும் உதவும் வெள்ளைக் கனிமம். முதலில் மேலோட்டைச் சுரண்டிக் காய்ச்சினார்கள். ஓட்டுக்குக் கீழே உப்புநீர் நிற்கிறது என்று பிறகுதான் கண்டு, கிணறு இறக்கி உறிஞ்சினார்கள். அந்தப் பகுதி எனக்கு. வெயிலில் சுரண்டிய சீனத் தொழிலாளர்கள் உனக்கு. நூலகத்தில் எவ்வளவோ தேடினாய். அந்தப் படத்தில் இருந்த ஒருவரின் பெயரும் கிடைக்கவில்லை.

ஏரியின் மாதிரி செய்ய, கேக் தட்டில் மணல் பரப்பி உப்புநீர் ஊற்றி ஹீட்டர் மேல் வைத்தேன். மேற்பக்கம் இறுகியதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து, உன் குறிப்பு அட்டைகள் இருந்த பையில் வைத்து பஸ் ஏறினேன். பள்ளியில் பையைத் திறந்தால், அட்டைகள் எல்லாம் நனைந்து மை கரைந்திருந்தது.

"விசரி! கீழ தண்ணி நிக்குமெண்டு நீதானேடி எழுதினாய்?"

"எழுதினனான். ஆனா நம்பேல்லை."

நீ இருமல் வரும்வரை சிரித்தாய். ஆசிரியை ஒரு கிழமை தள்ளிவைத்தார். நீ அட்டைகளைத் திரும்ப எழுதினாய். ஒத்திகை பார்த்தபோது நேரம் போதவில்லை. உன் பகுதியைக் குறைக்கச் சொன்னேன்.

"பெயரே இல்லை. என்னத்தைச் சொல்லப் போறாய்?"

"பெயரில்லை எண்டதைத்தான் சொல்லப் போறன்."

அதன் பிறகு வீடு திரும்பும் பஸ்ஸில் நாம் கதைக்கவில்லை. அடுத்த நாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க எழுதிய செய்தியை நீ பார்க்கவே இல்லை.

நீ இறந்து, உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை, பாதி நேரத்தில் நான் மட்டும் பேசலாமா என்று ஆசிரியை கேட்டார். ஓம் என்றேன். உன் அம்மா அட்டைகளைக் கொண்டுவந்து தந்தா. "இதையும் சொல்லுவியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டா.

போன செவ்வாய்க்கிழமை பேசினேன். கிணறுகளையும் குழாய்களையும் இரண்டு வசனத்தில் முடித்தேன். மீதி நேரம் முழுக்க உன் அட்டைகள். முடிந்ததும் ஒருத்தி கை உயர்த்தி, அவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான் என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஓரத்துக்குப் போகிறது. உன் கடைசி அட்டை என் பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் 'பெயர்கள்' என்று எழுதி, கீழே ஐந்து கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கிறாய். நான் இன்னும் தேடுகிறேன்.