ராமேஸ்வரத்தில் மணலுக்குத் தடை

பிப்ரவரி 3

சேதுக்கடல் மீது ஆணை. இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். மறுமுறை படித்தால் நானே நம்பமாட்டேன்.

அக்கா மகன் வசந்தகுமார் தன் லாட்ஜுக்கு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டான். தலைமைப் பண்பு கற்றுவர ராமநாதபுரத்துக்கு அனுப்பினான். நான் வாய் திறந்ததும் பயிற்சி கொடுத்த அம்மையார் நாற்காலியைவிட்டு எழுந்து கும்பிட்டார். "விருந்தாளி முன்னாடி நிக்கிற வேலையாளுங்க கையில முடிவை விடுங்க" என்று ஏதோ சொன்னார். ஏசி சுகமாக இருந்தது.

பிப்ரவரி 5

முதல் ஆணை: அறைகளில் ஒரு பொட்டு மணல் இருக்கக் கூடாது.

அறை கூட்டும் உலகம்மாள் தயங்கினாள். "வடக்க இருந்து வாரவுக மண்ணு எடுத்து வைப்பாகளே அண்ணே. கேட்டுட்டுக் கூட்டவா?"

"மண்ணுன்னா மண்ணுதான். கூட்டு!"

பிப்ரவரி 9

கடலே என்னைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டது.

பிப்ரவரி 12

போச்சு. காசிப் பக்கத்து வயதான தம்பதி, பூஜை செய்த கடல் மணலை ஜன்னலடியில் காகிதத்தில் உலர்த்தியிருக்கிறார்கள். அதைக் கங்கையில் கரைத்தால்தான் யாத்திரை முடியும். உலகம்மாள் கூட்டி அள்ளிவிட்டாள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுகிறார். சாயங்காலம் ரயில்.

"இன்னையோட உலகம்மாள நிப்பாட்டுங்க மாமா" என்றான் வசந்தகுமார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் ஆணையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது. அங்கன எனக்கு என்ன வேலை?

இறங்கி வந்தேன். "ஏலே, கூட்டச் சொன்னது நான். நிப்பாட்டணும்னா என்னைய நிப்பாட்டு."

"ஒங்கள நிப்பாட்டினா எங்கம்மா சோறு போடுமா?"

"அப்பச் சும்மா இரு." உலகம்மாளிடம் திரும்பினேன். "இப்ப என்ன செய்யலாம்த்தா?"

"பூஜை பண்ணின ஐயரு சாமிக்குப் போன் போட்டுட்டேன். ஆட்டோ வாசல்ல நிக்கிது. அவுக கையாலயே திரும்ப அள்ளட்டும். ரயிலு போறதுக்குள்ள கூட்டியாந்திருவேன்... போகவா அண்ணே?"

"என்னையக் கேக்காத. போ!"

நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அந்த அம்மா இந்தியில் திட்டினார். புரியாதது நல்லதாகப் போயிற்று. கடலில் இறங்கும் படியில் பாசி வழுக்கியது. உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினார். மணலை அள்ளி, ஐயர் மறுபடி பூஜை செய்துகொடுத்ததும் முந்தானையில் முடிந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.

ரயில் கிடைத்தது.

பிப்ரவரி 13

தடை நீக்கம்.

பிப்ரவரி 21

மறுபடி பயிற்சி வகுப்பு. நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். தனுஷ்கோடியிலிருந்து ஒரு திமிங்கிலம் முதுகில் மணல் சுமந்துவந்து லாட்ஜ் வாசலில் இறக்கியது என்றேன். கைதட்டல் பாம்பன் வரை கேட்டிருக்கும்.

திரும்பி வந்தால் உலகம்மாள் சாவிக்கொத்தோடு எதிரே வந்தாள். "மாடியில இருந்த முட்டுவலிக்காரவுகள கீழ் ரூமுக்கு மாத்திட்டேண்ணே." நிற்காமல் போய்விட்டாள்.

திமிங்கிலம் புளுகு. கும்பிட்ட அம்மையாரும் புளுகு. பின்வாங்கிய கடலும்தான். இந்தச் சின்ன விஷயம் மட்டும் சத்தியம்: இன்று அவள் என்னைக் கேட்கவில்லை. சொன்னாள்.